அருவருப்பு ஒரு தீர்ப்பாகுமா?

கதையொன்றைப் பாதி படித்ததும் 'சீ!' என்று நூலை மூடிவைப்போர் உண்டு. அவர்களோடு நமக்கு எந்த வழக்கும் இல்லை. இலையில் தமக்கு ஒவ்வாததை ஒதுக்கிவைக்கும் உரிமை உண்பவர்க்கு இருப்பதுபோல், ஒவ்வாத கதையை ஒதுக்கும் உரிமை படிப்பவர்க்கும் உண்டு. நாம் வழக்காட முன்வந்திருப்பது அதற்கு அடுத்த படியைப் பற்றியே. 'எனக்குக் குமட்டிற்று, ஆகவே இஃது இலக்கியமன்று, ஆகவே இது நம் நூலகத்தில் இருத்தலாகாது, நம் மரபில் இதற்கு இடமே இல்லை' என்று ஒரே மூச்சில் தீர்ப்புகளை அடுக்கும் பழக்கம், தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. அப்பழக்கத்தோடுதான் நமது பூசல்.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் வேறொரு கூட்டமும் நிற்கிறது. 'கேட்டவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஆகவே இது பெருங்கதை' என்று விழுந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டி விற்போர் அவர்கள். முன்னவர் குமட்டலைக் குற்றப்பத்திரிகையாக்குகின்றனர். பின்னவர் அதையே நற்சான்றிதழாக்குகின்றனர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. வாசகரின் வயிற்றை அளந்துவிட்டு, கதையை அளந்துவிட்டதாகச் சொல்கின்றனர். இதை மெய்ப்பிக்க ஏறத்தாழ இருநூறாண்டுப் பழமையான ஒரு வழக்கிலிருந்து தொடங்குவோம்.

முப்பத்திரண்டு பற்கள்

1835ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரிலிருந்து வெளிவந்த 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்' என்னும் திங்களிதழில் 'பெரனீஸ்' என்ற சிறுகதை அச்சாயிற்று. எழுதியவர் எட்கார் ஆலன் போ. துப்பறியும் கதைக்கு முன்னோடி என்று பின்னாளில் உலகம் போற்றிய அவருக்கு அப்போது வயது 26.

கதை இதுதான். எகேயஸ் என்பவன் நூலறையிலேயே வாழ்பவன். ஏதேனும் ஓர் அற்பப் பொருளின்மேல் கருத்து ஒட்டிக்கொண்டால், மணிக்கணக்கில் அதையே வெறித்திருக்கும் மனநோய் அவனுக்கு உண்டு. அவனுடைய உறவுப்பெண் பெரனீஸ் வலிப்புநோயால் நலிகிறாள். அந்நோயின் முடிவில் பிணம்போல் அசைவற்றுக் கிடப்பதும் அவள் இயல்பு. அவளை மணக்க அவன் இசைகிறான். ஒருநாள் அவள் சிரிக்கும்போது அவளுடைய பற்கள் அவன் கண்ணில் படுகின்றன. அன்றுமுதல் பற்களைத் தவிர வேறெதுவும் அவன் நினைவில் இல்லை. பின்னர் அவள் இறந்துவிட்டாள் என்று கருதி அடக்கம் செய்கின்றனர். அன்றிரவு, ஏதோ கொடுங்கனவிலிருந்து விழித்தவன்போல் அவன் தன் அறையில் உணர்வு பெறுகிறான். வேலைக்காரன் ஓடிவந்து, கல்லறை கலைக்கப்பட்டதையும், உருக்குலைந்த அவ்வுடல் இன்னும் மூச்சுவிடுவதையும் கூறுகிறான். எகேயஸின் உடையில் சேறும் குருதியும், கையில் நகத்தடங்கள். மேசைமேல் இருந்த சிறு பெட்டி நழுவி விழுந்து உடைகிறது. பல் பிடுங்கும் கருவிகளும், அவற்றோடு முப்பத்திரண்டு சிறிய வெண்பொருள்களும் தரையில் சிதறுகின்றன.

படித்தோர் பலர் திகைத்து, இதழின் உரிமையாளர் தாமஸ் ஒயிட்டிடம் முறையிட்டனர். அக்கதை வந்த இதழிலேயே ஆசிரியர் குறிப்பு ஒன்று, நடையின் ஆற்றலைப் பாராட்டிவிட்டு, பொருளில் செருமானிய பாணிக் கொடூரம் மிகுந்துவிட்டது என்று குறைகூறியிருந்தது. ஏப்ரல் 30ஆம் நாள் போ ஒயிட்டுக்கு எழுதிய மறுமொழி இன்றும் கிடைக்கிறது. அதில் அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று, கதைப்பொருள் அளவுக்கு மீறிக் கொடியது என்பதையும், அது நல்ல சுவையின் விளிம்பில் நிற்பதையும் தாமே ஒத்துக்கொள்கிறார். இத்தகைய பொருளில் பயன்தரும் கதை எழுத இயலாது என்று ஒருவர் கட்டிய பந்தயத்தில் பிறந்தது அது என்றும், இனி இத்துணை வரம்பு மீறுவதில்லை என்றும் எழுதுகிறார். மற்றொன்று, புகழ்பெற்ற இதழ்கள் யாவும் இத்தகைய கதைகளால்தாம் புகழ்பெற்றன என்றும், கதையின் பயனை வாசகரின் கருத்துரைகளைக் கொண்டு அளப்பதைவிட இதழின் விற்பனையைக் கொண்டு அளப்பதே தகும் என்றும் வாதிடுகிறார்.

முதற்செய்தியில் ஓர் எழுத்தாளரின் நேர்மை உண்டு. இரண்டாவது செய்தி ஒரு வணிகரின் வாதம். விற்பனை மிகுந்தால் கதை நன்று என்பது, கூட்டம் மிகுந்தால் மருத்துவர் நல்லவர் என்பதைப் போன்றது. நோய் பரவினாலும் கூட்டம் மிகும் அல்லவா? போவின் மேதைமையை வணங்கும் நாம், அவருடைய இவ்வாதத்தை வணங்க வேண்டிய கடன் இல்லை.

ஆனால் அவர் செயலால் கூறிய மறுமொழி, மடலில் கூறியதைவிடச் சிறந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1845ஆம் ஆண்டில் அக்கதையை மீண்டும் அச்சிட்டபோது, நான்கு பத்திகளை அவர் நீக்கினார். அடக்கத்திற்கு முன் எகேயஸ் பெரனீஸின் உடல் கிடந்த அறைக்குச் சென்று பார்க்கும் காட்சி அது. பெட்டியும் பற்களும் அப்படியே இருந்தன. வாசகரைக் குமட்டவைத்த பற்களில் ஒன்றைக்கூட அவர் குறைக்கவில்லை. மிகையென்று பட்டதை வெட்டினார். கதையின் உயிரானதை விட்டுவைத்தார். முறையீட்டைக் கேட்பதும் தீர்ப்புக்குப் பணியாமலிருப்பதும் ஒரே எழுத்தாளரிடத்தில் கூடியிருக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பற்கள் ஏன் கதையின் உயிர்? எகேயஸ் பெரனீஸை ஒருபோதும் உள்ளத்தால் நேசித்ததில்லை என்பதைத் தானே கூறுகிறான். அக்கதையில் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் கண்ணுக்கு அவள் ஒரு பெண்ணாகத் தோன்றவே இல்லை. ஒரு பல்வரிசையாகத் தோன்றினாள். ஆகவே அவளிடமிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான். அருவருப்பு அவள்மேல் விழவில்லை. அவன்மேல், அவனுடைய 'அன்பின்'மேல் விழுகிறது. நிறம், உயரம், பல்வரிசை, கூந்தலின் நீளம் என்று உறுப்புறுப்பாகப் பெண்ணை எடைபோட்டு, சொச்சி-பஜ்ஜி உண்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்துபோகும் வழக்கத்தை அறிந்த நம் வீடுகளுக்கு இக்கதை அத்துணை அயலானதா? 'சீ' என்று மூடுமுன் நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

மயங்கி விழுந்தோர் கணக்கு

போவின் விற்பனை வாதம் அவரோடு மாண்டுவிடவில்லை. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் சக் பாலனிக், தம் புதிய நாவல் ஒன்றை அறிமுகப்படுத்த ஊர் ஊராகச் சென்றபோது, 'கட்ஸ்', அதாவது 'குடல்', என்ற சிறுகதையைக் கூட்டங்களில் படித்தார். கேட்டோர் சிலர் மயங்கி விழுந்தனர். 2004ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கதை 'பிளேபாய்' இதழில் அச்சாயிற்று. 2005இல் 'ஹான்டட்' என்ற நூலில் இடம்பெற்றது. எந்த ஊரில் எத்தனை பேர் விழுந்தனர் என்பதை எழுத்தாளரே எழுதினார். அதன்பின் அக்கதையைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

குடும்பத்தார் அனைவரும் புரட்டும் இம்மலரில் அக்கதையின் நிகழ்ச்சிகளை விரிக்க நாம் விரும்பவில்லை. வளரிளம் பருவத்துச் சிறுவர்கள் தனிமையில் மறைவாகச் செய்யும் சில காரியங்கள் தீங்காய் முடிவதையும், ஒரு நீச்சற்குளத்தில் நேரும் கொடிய விபத்தையும் அது சொல்கிறது என்பது போதும். ஆனால் மயக்கக் கணக்கில் மறைந்துபோன வேறொன்று அக்கதையில் உண்டு. ஒரு சிறுவனின் மறைவுச் செயல் பெற்றோர்க்குத் தெரிந்துவிடுகிறது. அவர்கள் அடிக்கவில்லை, ஏசவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு சொல்லும் சொல்லாமலே இருந்துவிடுகின்றனர். அதன்பின் ஒவ்வொரு பண்டிகை விருந்திலும், ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்தச் சொல்லாத சொல் மேசைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. குடல் வெளிவருவதைவிடக் கொடியது அந்த மௌனம் என்பதே கதை. பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைப் பற்றியன்றி வேறெதையும் பேசத் தெரியாத பெற்றோர் எந்த நாட்டில் இல்லை? எண்ணிக்கை காட்டி விற்றவர்களும் எண்ணிக்கைக்கு அஞ்சி விலகியவர்களும் சேர்ந்து, கேட்கவேண்டிய அந்த ஒன்றைக் கேளாமற் செய்துவிட்டனர்.

அச்சக்கதைகளை எழுதிக் குவித்த ஸ்டீபன் கிங், 1981இல் வெளியிட்ட 'டான்ஸ் மக்காபர்' என்ற நூலில் இவ்வகை எழுத்துக்கு மூன்று படிகள் வகுத்தார். காணாமலே நடுங்கவைக்கும் திகில் மேற்படி, கண்டு அஞ்சவைக்கும் கொடூரம் நடுப்படி, குமட்டவைப்பது கீழ்ப்படி. மேலிரண்டும் கைகூடாதபோது தாம் மூன்றாவதற்கும் இறங்குவதுண்டென்றும், அதில் தமக்குப் பெருமை இல்லையென்றும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். தொழிலறிந்தவரின் இக்கூற்றை நாம் பாதிதான் ஏற்கிறோம். குமட்டல் எளிதில் கிடைப்பது என்பது உண்மை. அதனாலேயே அதை மலிவாக விற்போர் மிகுதி. ஆனால் எளிதில் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் கீழானதாகிவிடாது. கண்ணீரும் எளிதில் வருவதே. கண்ணீர்க் கதைகளை நாம் தடை செய்கிறோமா?

'நம் மரபில் இல்லை' என்ற பொய்

இனி, நம்மவரின் வலிய வாதத்துக்கு வருவோம். 'இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு. தமிழிலக்கியம் இனிமையையும் அறத்தையும் பாடுவது' என்பர். மேடையில் இது நன்கு கைத்தட்டல் பெறும். ஏட்டைத் திறந்தால் நிற்காது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது, நகைக்கும் அழுகைக்கும் அடுத்து மூன்றாவதாக வைத்தது இளிவரல். அச்சமும் பெருமிதமும் உவகையும் அதன்பின்னரே வருகின்றன. அவ்விளிவரல் பிறக்கும் இடங்களாக அவர் கூறும் நான்கும் சிந்திக்கத்தக்கவை: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. குருதியையும் சீழையும் அவர் பட்டியலிடவில்லை. எல்லார்க்கும் வந்தே தீரும் நிலைகளைப் பட்டியலிட்டார். அருவருப்பின் வேர் வெளியே இல்லை, நம் உடம்பிலேயே இருக்கிறது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. வடமொழி நாடக நூலாரும் பீபத்சம் என்னும் சுவையை எட்டுச் சுவைகளுள் ஒன்றாக வைத்தனர்.

அறுபத்துமூவருள் ஒருவராகிய காரைக்காலம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தைத் தொடங்குவதே ஒரு பெண்பேயின் உருவத்தைக் கொண்டு. வற்றிய மார்பும், புடைத்த நரம்பும், குழிந்த கண்ணுமாக அவ்வுருவம் நம்முன் நிற்கிறது. பிணம் சுடும் காட்டின் நடுவில்தான் இறைவன் ஆடுகிறான். தம்மையும் காரைக்கால் பேய் என்றே அவர் கூறிக்கொள்கிறார். நம் பூசையறைகளில் ஓதப்படும் திருமுறைகளுள் பதினோராவதில் இவை இருக்கின்றன. இவற்றை நீக்கவேண்டும் என்று எந்த நூலகக் குழுவும் இதுவரை தீர்மானம் இயற்றியதில்லை.

சயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியோ இன்னும் துணிவானது. முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் அந்நூலில், போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. யானையின் விலாவெலும்பால் நாக்கு வழிக்கின்றன. பின்னர், இறந்தவர் பற்களையே அரிசியாகக் கொண்டு, சுளகிலிட்டுப் புடைக்கின்றன. போவின் பெட்டியில் இருந்தவை முப்பத்திரண்டு பற்கள். நம் புலவர் உலைக்கு எடுத்தது ஒரு போர்க்களத்துப் பற்களை. இதைக் கல்லூரியில் பாடமாகப் படித்து, வீரச்சுவை என்று விடையெழுதித் தேர்ச்சி பெற்றவர்களும், சிறுகதையில் ஒரு துளிக் குருதியைக் கண்டதும் தமிழ்ப்பண்பு கெட்டது என்று எழுந்துநிற்பது விந்தையே.

மணிமேகலையில் வரும் ஒரு நிகழ்ச்சி இவ்வனைத்தினும் நமக்கு நெருக்கமானது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டினுள் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சென்றுவிடுகிறான். இறந்த பெண்ணொருத்தியின் தலையைக் கையிலேந்திப் பேய் ஆடும் கூத்தைக் காண்கிறான். அலறி ஓடித் தாயிடம் வந்து விழுந்து உயிர்விடுகிறான். மயங்கி விழுந்தோரைக் கணக்கெடுப்போர்க்கு இதனினும் பெரிய வெற்றி வேண்டுமோ? ஆனால் சாத்தனார் அங்கே நிற்கவில்லை. மகனை மடியிலேந்திய கோதமை, தன் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். போன உயிரை மீட்டுத்தருவது எத்தெய்வத்தாலும் ஆகாது என்பதை அவள் உணரும் வரையில் கதை நடக்கிறது. பேயின் கையிலிருந்த தலையைக் கண்டு தொடங்கிய குமட்டல், ஒரு தாயின் துயரத்தில் வந்து முடிகிறது. கேவலம் அச்சம் காட்டுவதே நோக்கமாயின், சிறுவன் விழுந்த இடத்திலேயே காதை முடிந்திருக்கும்.

ஆபாசம் வேறு, அருவருப்பு வேறு

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர்க்காக, நம் துணைக்கண்டத்து வழக்கொன்றையும் நினைவூட்டுவோம். பம்பாயிலிருந்து 1948இல் லாகூர் சென்ற உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ எழுதிய 'தண்டா கோஷ்த்' 1949இல் லாகூரில் அச்சாயிற்று. பிரிவினைக் கலவரத்தில் ஒரு வீட்டில் ஆறு பேரைக் கொன்று, அங்கிருந்த பெண்ணைத் தூக்கிச் சென்ற ஒருவன், தான் தீண்டியது பிணத்தை என்று பின்னர் உணர்கிறான். ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றம் மூன்று திங்கள் கடுங்காவலும் 300 ரூபாய் தண்டமும் விதித்தது. மேல்முறையீட்டில் அவர் விடுதலை பெற்றார். பின்னர் உயர்நீதிமன்றம் தண்டத்தை மட்டும் மீண்டும் விதித்தது.

அக்கதையைப் படித்தோர் எவர்க்கேனும் காமம் கிளர்ந்ததாக நாம் கேட்டதில்லை. குமட்டலே கிளரும். கிளர வேண்டும் என்றே மண்டோ எழுதினார். செத்துக் குளிர்ந்தது அப்பெண்ணின் உடல் மட்டும் அன்று. தூக்கிச் சென்றவனின் ஆண்மையும் அக்கணமே குளிர்ந்துபோகிறது. மனிதத்தன்மை முழுவதும் அற்றுவிடவில்லை என்பதற்கு அவனிடம் எஞ்சிய ஒரே அடையாளம் அந்தக் குளிர்ச்சிதான். கலவரத்தைப் புள்ளிவிவரமாகப் படித்துக் கடந்துபோகும் நம்மை நிறுத்த, குமட்டலைத் தவிர வேறு கருவி அவரிடம் இருந்ததா? ஆசையைத் தூண்டுவது ஆபாசம். ஆசையை அறுப்பது அருவருப்பு. ஒன்றன் பெயரால் மற்றொன்றைத் தண்டிப்பது எந்த நீதி?

மடல்கள் யாரைக் காட்டுகின்றன?

இவ்வளவும் கூறியதனால், முறையிடும் வாசகரை நாம் இகழ்வதாகக் கொள்ளற்க. 'ரசிக்கத் தெரியாதவர்கள்' என்று உதட்டைப் பிதுக்கும் எழுத்தாளர்களையும் நாம் ஏற்பதில்லை. வாசகரின் மடல் விலைமதிப்பற்றது. அது கதையைப் பற்றிச் சொல்வதைவிட, எழுதியவரைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறது என்பதனால் மேலும் விலைமதிப்பற்றது.

1948 சூன் திங்களில் 'நியூயார்க்கர்' இதழில் சர்லி ஜாக்சன் எழுதிய 'லாட்டரி' வெளிவந்தது. அமைதியான சிற்றூர் ஒன்றில் ஆண்டுதோறும் சீட்டெடுத்து, சீட்டு விழுந்தவரை ஊரே கூடிக் கல்லெறிந்து கொல்லும் கதை அது. கல் விழும் காட்சியைக்கூட அவர் விரிக்கவில்லை, குருதி இல்லை, சீழ் இல்லை. ஆயினும் அக்கோடையில் முந்நூறுக்கு மேற்பட்ட மடல்கள் வந்தன. அவற்றுள் அன்பாக எழுதப்பட்டவை பதின்மூன்றே என்றும், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை என்றும் அவரே பின்னர் ஓர் உரையில் கூறினார். அவர் தாயாருக்கும் கதை பிடிக்கவில்லை. எல்லாவற்றினும் அச்சமூட்டிய மடல்கள் எவை தெரியுமா? 'இந்தச் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது? நாங்கள் சென்று பார்க்க இயலுமா?' என்ற பொருள்பட வந்தவை. கல்லெறியும் ஊரார் கதைக்குள் மட்டும் இல்லை என்பதை அம்மடல்கள் மெய்ப்பித்தன. திட்டியவர்களைவிட, திட்டாமல் வழி கேட்டவர்களே அஞ்சத்தக்கவர்கள்.

இக்கதையிலிருந்து நாம் பெறும் பாடம் இது: குருதியே இல்லாத கதையும் குமட்டவைக்கும், குருதி வழியும் கதை பல வேளைகளில் கொட்டாவியை வரவழைக்கும். ஆகவே எவ்வளவு குமட்டிற்று என்ற கேள்வி பயனற்றது. குமட்டல் யார்மேல் போய் விழுகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. போவின் கதையில் அது உடைமையாளன்மேல் விழுகிறது. மண்டோவின் கதையில் கொலைஞன்மேல். மணிமேகலையில் உடம்பின்மேல் நாம் வைத்த பற்றின்மேல். மலிவான பேய்க்கதைகளில் அது யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். தொழுநோயாளி, கூனி, ஒற்றைக்கண்ணர், பல் விழுந்த மூதாட்டி, மனநோயாளி, கருநிறத்தவர் ஆகியோர்மேல். அவர்களே அங்கே பேயாகவும் பிசாசாகவும் வருகின்றனர். மூப்பையும் பிணியையும் கண்டு நாம் கொள்ளும் இளிவரலை நம்மை நோக்கித் திருப்பாமல், மூத்தோர்மேலும் பிணியாளர்மேலும் எறிவது அத்தகைய எழுத்து. அதை எதிர்த்து எழுதும் மடலில் முதற்கையொப்பம் நம்முடையதாக இருக்கும். வியப்பு என்னவெனில், அத்தகைய கதைகளை எதிர்த்து ஒருவரும் எழுதுவதில்லை. அவற்றைப் பேருந்திலும் இரயிலிலும் படித்துச் சுவைத்துவிட்டு, சிந்திக்கவைக்கும் கதையைக் கண்டதும் பண்பாட்டுக் காவலர்களாக எழுந்து நிற்கிறோம்.

நம் பிள்ளைகளின் தமிழ்

இத்துணை வாதமும் எதற்காக? வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்காக.

நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் மொழி. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தெருவில் அந்தந்த மாநிலத்து மொழி. அவர்களுக்கு நாம் தேடித் தரும் தமிழ் எத்தகையது? பொங்கல் விழாப் பாட்டு, பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த குறள், தாத்தாவுக்கு எழுதும் நலம்விசாரிப்பு. இனிய தமிழ்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சாவையும், நோயையும், உடலின் அருவருப்பையும், வன்முறையையும் எண்ணத் தொடங்கும் வயதில், அந்தப் பிள்ளை எந்த மொழியை நாடும்? தமிழில் இவற்றைப் பேசலாகாது என்று நாம் கதவடைத்துவிட்டால், ஆங்கிலத்தில் பேசும். ஆங்கிலத்தில் போவும் உண்டு, கிங்கும் உண்டு, பாலனிக்கும் உண்டு. அப்பிள்ளைக்குத் தமிழ் என்பது பண்டிகைக்கு எடுத்து உடுத்தி, மடித்து வைக்கும் பட்டுப்புடைவையாகிவிடும். அச்சம் வந்த நள்ளிரவில் எந்த மொழியில் ஒருவன் நினைக்கிறானோ, அதுவே அவனுடைய மொழி. அந்த நள்ளிரவைத் தமிழிலிருந்து நீக்கிவிட்டுத் தமிழை வளர்க்கிறோம் என்று சங்கம் நடத்துவது வீண்.

'எட்டு வயதுக் குழந்தை கையில் அந்நூல் சிக்கினால்?' என்று கேட்பது நியாயமான கேள்வி. மறுக்கமாட்டோம். அதற்கு விடை நூலகத்து அலமாரியில் இருக்கிறது. சிறுவர் பகுதியை ஒருபுறமும் பெரியோர் பகுதியை மறுபுறமும் வையுங்கள். மருந்தை உயரமான தட்டில் வைப்பது அறிவுடைமை. குழந்தை எடுத்துவிடும் என்று வீட்டில் மருந்தே வாங்காமலிருப்பது அறிவுடைமையாகாது.

ஆகவே நம் சங்கங்களின் நூலகக் குழுக்களுக்கும் மலர்க் குழுக்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. அருவருப்பூட்டுகிறது என்ற ஒரே காரணத்தால் எந்த நூலையும் நீக்காதீர்கள். எந்தக் கதையையும் திருப்பியனுப்பாதீர்கள். முறையீடு வந்தால், அதை எழுத்தில் கேளுங்கள், முழுமையாக அச்சிடுங்கள். முறையிடுபவர் மூன்று கேள்விகளுக்கு விடை தரட்டும். கதையை இறுதிவரை படித்தீரா? குமட்டிய இடத்தை நீக்கினால் கதை நிற்குமா, வீழுமா? அக்குமட்டல் வலியவர்மேல் விழுகிறதா, எளியவர்மேல் விழுகிறதா? மூன்றுக்கும் விடை எழுதி, அதன்பின்னும் அக்கதை கூடாது என்பாராயின், அவர் மடல் கதையோடு சேர்த்துப் படிக்கத்தக்க ஒரு திறனாய்வாகிவிடும். எழுத்தாளரும் அதைப் படித்து, போ செய்ததுபோல், வெட்டவேண்டியதை வெட்டி, விடவேண்டியதை விட்டுவைக்கலாம்.

வாசகப் பெருமக்களே, குமட்டிற்றா? தாராளமாக எழுதுங்கள். 'சீ' என்ற ஓரெழுத்தோடு நிறுத்திவிடாமல், இரண்டாம் வரியையும் எழுதுங்கள் என்பதே நமது வேண்டுகோள். வழக்கு அந்த இரண்டாம் வரியில்தான் தொடங்குகிறது.